வெளி மாநில நெல்

எங்கள் வீடு புதுச்சேரியில் இருக்கிறது. எங்கள் நிலம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஊருக்கு ஊர் சொத்து சேர்த்த குடும்பம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால். உலை வைத்துவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பினால் அரிசி பாதிகூட வெந்திருக்காது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பாகூர் கொம்யூன், அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். எந்தக் காலத்தில் எந்தத் துரை உட்கார்ந்து கோடு போட்டானோ, என் மாமனாரின் வீட்டை இங்கேயும் வயலை அங்கேயும் தள்ளிவிட்டுப் போய்விட்டான். கல்யாணமாகி வந்த புதிதில், களை எடுக்கப் போகும்போதெல்லாம் "நான் வெளி மாநிலம் போய்ட்டு வரேன்" என்று சொல்லிச் சிரிப்பேன். இப்போது அந்த வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டேன்.

எல்லாம் அந்த ரோட்டால் வந்த வினை. எங்கள் பக்கத்து ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். நல்ல ரோடு, குறை சொல்லக் கூடாது. ஆனால் வாய்க்காலைக் கடக்கிற மதகுப் பாலம் வரைக்கும்தான். மதகின் நடுவில் கத்தி வைத்து வெட்டியதுபோல் தார் நின்றுவிடும். அதற்கு அப்பால் குண்டும் குழியும், மழை பெய்தால் எருமை படுக்கிற சேறு. ஏன் மீதியைப் போடவில்லை என்று எங்கள் பக்கத்து மேஸ்திரியைக் கேட்டதற்கு, "மீதி மதகு அவங்களுதும்மா" என்றான். அந்தப் பக்கத்து ஊராட்சியில் கேட்டால், "மதகே பாண்டியோடதுதானே" என்றார்கள். ஒரு மதகுக்கு இரண்டு அரசாங்கம் இருந்தும் அதன் மேல் போட ஒரு கூடை ஜல்லி இல்லை.

அந்த வருஷம் சொர்ணவாரிப் பட்டத்தில் நெல் நன்றாகவே விளைந்திருந்தது. ஆனால் கதிர் முற்றுகிற நேரத்தில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் இதற்குக் காயில் கட்டிப் பிரயோசனமில்லை, புது மோட்டார்தான் என்று சொல்லிவிட்டார். பக்கத்து வயல்காரரிடம் கெஞ்சி இரண்டு தடவை தண்ணீர் வாங்கி, எப்படியோ அறுவடைக்குக் கொண்டுவந்தோம். நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வந்தால் புது மோட்டார் இறக்கலாம். மோட்டார் இறங்கினால்தான் சம்பாவுக்கு நாற்று விட முடியும். இல்லையென்றால் நிலம் தரிசு. அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் வேறு பேச்சே கிடையாது.

அறுவடை மிஷின் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனது. நெல் ஈரம். காயவைக்காமல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயலுக்குப் பக்கத்தில் ஓடுகிற ரோட்டில் கொட்டினால் நெல்லோடு பாதிக்குப் பாதி கல்லும் சேரும். எங்கள் வாசலிலோ பாய் விரித்தாற்போல் புதுத் தார் ரோடு. யாருக்குத்தான் தோன்றாது? டிராக்டரில் ஏற்றி, வாய்க்காலைத் தாண்டி, எங்கள் பக்கத்து ரோட்டில் கொட்டிக் காயவைத்தோம். அந்த யோசனை என்னுடையதுதான். நல்ல யோசனை என்று இன்றைக்கும் சொல்லுவேன். காலால் கிளறிவிட்டுக் கிளறிவிட்டுக் கலகலவென்று காய்ந்தது.

தமிழ்நாட்டு நெல் கொள்முதல் நிலையம் எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரம். காய்ந்த நெல்லை மூட்டை பிடித்து, வாடகைக்குக் குட்டி யானை வண்டி ஒன்றைப் பேசி, முதல் நடையை ஏற்றிக்கொண்டு நானும் என் புருஷனும் போய் இறங்கினோம். அங்கே பட்டியல் எழுதுகிறவர் நெல்லைப் பார்க்கவே இல்லை. வண்டியின் நம்பரைப் பார்த்தார்.

"எந்த ஊரு நெல்லு?"

"இந்த ஊரு நெல்லுதான் சார். தோ, அந்தப் பனைமரத்தாண்ட தெரியுது பாருங்க, அதான் கழனி."

"வண்டி பி.ஒய். நம்பரு. பாண்டிலேர்ந்து வருது. வெளி மாநில நெல்லு எடுக்கக் கூடாதுன்னு ஆர்டரு."

"வெளைஞ்சது இங்கதான் சார். காயறதுக்குத்தான் அங்க போச்சு."

"ஏன், காயப்போட இங்க எடமில்லியா?"

"எடம் இருக்குது. ரோடு இல்ல."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர மூட்டையை இறக்கவிடவில்லை. அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. வெளியிலிருந்து மலிவாக வாங்கி வந்து இங்கே தள்ளிவிட்டுப் போகிற வியாபாரிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வைத்த வலையில் நாங்கள் விழுந்தோம். பெரிய மீனெல்லாம் எப்படியோ வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பது வேறு விஷயம்.

கிராம நிர்வாக அதிகாரியிடம் சான்று வாங்கி வரச் சொன்னார். போனோம். நிலம் இங்கேதான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஆதார் அட்டையில் புதுச்சேரி முகவரி இருப்பதால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார். சரி, நம் அரசாங்கம் இருக்கிறதே என்று மறுநாள் எங்கள் பக்கத்து வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, "ஒங்க நெலம் எங்க லிஸ்ட்லயே இல்லியேம்மா" என்றார்.

"வூடு இங்கதானே சார் இருக்குது? வோட்டு இங்கதானே போடறோம்?"

"வூட்டுல நெல்லு வெளையலியேம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்களுக்கு இரண்டு கோயில், இரண்டு பூசாரி, ஆனால் சாமி எந்தக் கோயிலில் இருக்கிறது என்றே தெரியவில்லை. நெட்டப்பாக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து நெல்லைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு விலை கேட்டான். அந்த விலையைச் சொல்ல வாய் கூசுகிறது. அதையும் தீபாவளி கழித்துத் தருவானாம். போய்யா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுத் திரும்பினால் தெற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நெல் ரோட்டோரம் தார்ப்பாய்க்குள் இருந்தது.

என் புருஷன் அதிகம் பேசாதவர். எனக்கும் சேர்த்து அவர் பேசாமலிருக்கிறார், அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன். அன்று அவர்தான் மெதுவாக, "தங்கச்சி பேர்ல போட்டுடலாமா?" என்றார்.

அவருடைய தங்கை, என் நாத்தனார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் தெருவிலிருந்து கூப்பிட்டால் அவள் வாசலில் நின்று பதில் சொல்லுவாள். புருஷனுக்குக் கேரளாவில் கட்டட வேலை, இவள் நூறு நாள் வேலைக்குப் போவாள். அவளுடைய ஆதார் தமிழ்நாடு, பாங்க் கணக்கு தமிழ்நாடு. பட்டாவோ இன்னும் காலமாகிவிட்ட என் மாமனார் பேரிலேயே கிடந்தது. அவர் பெற்ற மகள் என்ற முறையில் இவளும் பயிர் செய்தவள்தான் என்று சான்று வாங்கிவிடலாம். வயலில் ஒரு நாள்கூட இறங்காதவள் விவசாயி, வருஷம் முழுக்கச் சேற்றில் நின்ற நான் வெளி மாநிலம். இருக்கட்டும், ஆபத்துக்குப் பாவமில்லை என்று நானும் சரி என்றேன். அவளைக் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் கேக்கணுமா அண்ணி, குடுங்க" என்று அட்டையை எடுத்து வந்துவிட்டாள்.

சான்று கிடைத்தது. குட்டி யானைக்காரர் மட்டும் மறுபடி வர மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பக்கம் லோடு அடிக்க அவரிடம் பர்மிட் கிடையாது, ஒரு தடவை தப்பித்தது போதும் என்றார். அதனால் மொபெட்டில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை என்று என் புருஷன் அந்தக் குண்டு குழியில் நாள் முழுக்க அடித்தார். அதே நெல், அதே வயலுக்குப் பக்கத்திலேயே திரும்பிப் போனது. அதே எழுத்தர் அதே சிரிப்போடு எடுத்துக்கொண்டார். கடைசி மூட்டை தராசில் ஏறியபோது தூறல் விழ ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் கேசரி கிண்டினேன்.

பணம் ஏறிவிட்டது என்று நாத்தனாருக்கு போனில் செய்தி வந்தது. மறுநாள் காலையில் இரண்டு பேரும் பாங்குக்குக் கிளம்பினோம். அது கடலூர் ரோட்டில் இருக்கிறது. அவள் ஊரிலிருந்து அங்கே போகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் அந்த பஸ் வருவதும் கிடையாது. அவள் எங்கள் பக்கம் நடந்து வர, இரண்டு பேருமாகப் பாண்டி பஸ் ஏறி, தவளக்குப்பத்தில் இறங்கி, அங்கே கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். நேரே போனால் நடந்தே போகலாம், நடுவில் ஆற்றுக்கு ஒரு பாலம் இருந்தால்.

கவுன்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கணக்கில் இருப்பது இவ்வளவுதான் என்றான். இரண்டு மூட்டை நெல்லுக்குக்கூடக் காணாது. மீதி எங்கே என்றேன்.

"லோன் ஓவர்டியூ இருந்திச்சும்மா. பணம் ஏறினதும் சிஸ்டம் எடுத்துக்கிச்சு."

"என்னா லோனு?"

"கறவ மாட்டு லோனு."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். சில வருஷங்களுக்கு முன்னால் கடனில் வாங்கிய மாடு அது. கன்று ஈன்று கொஞ்ச நாளில் செத்துப்போனது. இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் செத்த மாட்டின் காதில் நம்பர் வில்லை இல்லை, எங்கேயோ வேலியில் மாட்டி அறுந்திருக்கிறது. வில்லை இல்லாத காதுக்குப் பணம் இல்லை என்றுவிட்டார்கள். இதெல்லாம் எனக்கும் தெரிந்த கதைதான். அந்த மாட்டுக்காக நானும் அவளோடு உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

"தம்பி, அது என் நெல்லுப் பணம்" என்றேன்.

"பில்லு அவங்க பேர்லதானேம்மா இருக்கு? அப்ப அவங்க நெல்லுதானே?"

என்னத்தைச் சொல்வது? வேறு ஆள் பேரில் நெல் போட்டோம் என்று நானே ஒப்புக்கொள்வதா? எத்தனையோ ஆபீசில் சண்டை போட்ட நான் அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பாஸ்புக்கை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பையன் நல்லவன்தான், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டான்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அவள் மேல் கொட்டினேன். மதகு, ஆதார், எழுத்தர், வியாபாரி என்று யார் மேலோ வந்த கோபமெல்லாம் அவளுக்குப் போனது. கையெட்டும் தூரத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

"பாங்குல கடன் கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"மாடு செத்ததோட கடனும் செத்துப்போச்சுன்னு நெனச்சேன் அண்ணி" என்றாள்.

அதன் பிறகு அவள் எங்கள் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மோட்டார் கடைக்காரர் பாதிப் பணமாவது வைக்கச் சொன்னார். எங்கள் ஊர் பாங்கில் பயிர்க்கடன் கேட்டேன், நிலம் அவர்கள் எல்லையில் இல்லை என்றார்கள். சுற்று வயலிலெல்லாம் நாற்று பச்சை கட்டிவிட்டது. எங்கள் வயல் மட்டும் மழையில் நனைவதும் வெயிலில் வெடிப்பதுமாகக் கிடந்தது. என் புருஷன் தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுப்பார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சத்தம் போடுகிறவரென்றால் பதிலுக்குச் சத்தமாவது போடலாம்.

ஒரு நாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். மடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பணம்.

"ஏதுடி இது?"

"பாங்குல குடுத்தாங்க. பழைய கடன ஒரே தவணையில கட்டி முடிச்சிட்டேனாம். மேனேஜரு எழுந்து நின்னு பேசினாரு அண்ணி. ஒங்கள மாதிரி கஸ்டமரு தேவைன்னாரு. புதுசா லோன் எழுதிக்கினு வந்துட்டேன். மோட்டார வாங்குங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் நெல்லை வைத்துத் தன் கடனை அடைத்து, நல்ல பேர் வாங்கி, அந்தப் பேரை வைத்துக் கடன் வாங்கி எனக்கே கொண்டுவந்திருக்கிறாள். அவள் முகத்தில் கள்ளமே இல்லை. பஸ் ஸ்டாப்பில் நான் பேசிய பேச்சுக்கு வேறு யாராவது என்றால் இந்த வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

"வட்டியோட இத எப்படிக் கட்டுவ நீ?"

"நான் எங்க அண்ணி கட்டப்போறேன்? தையில சம்பா அறுத்தா நெல்லு எம் பேர்லதானே போட்டாகணும்? பணம் ஏறினதும் சிஸ்டமே எடுத்துக்கும்."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். நான் அவளுக்கு மோர் கொடுத்தேன், குடித்துவிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்த வாரமே மோட்டாரை இறக்கினோம். குழாயில் தண்ணீர் குதித்து வந்தபோது என் புருஷன் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன், அவருக்காக. விதை நெல் இன்னும் கோணியில் ஊறிக்கொண்டிருந்தது, முளைகூடக் கட்டவில்லை. அதன் அறுவடையை அதற்குள் விற்றுவிட்டு, விற்ற காசில் அதற்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தோம்.