கலங்கிய மீன்தொட்டி

புதுத் தொட்டியில் தண்ணீர் அரிசி கழுவினதுபோல வெளுத்திருந்தது. மகளின் இரண்டு தங்கமீனும் கண்ணில் படவே இல்லை. இரண்டு நாளாகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன்; மாற்ற மாற்ற அது கலங்கியது. மறுபடியும் குவளையைத் தூக்கினேன். சட்டென்று பூதலூரில் எங்கள் வயல் நினைவுக்கு வந்தது.

நாற்றங்காலில் சேறு அடங்கித் தண்ணீர் தெளிந்தால்தான் அப்பா முளைவிதையைத் தூவுவார்; கலங்கலில் தூவினால் விதை புதைந்து அழுகிவிடும். தெளிந்துவிட்டதா என்று பார்க்க, ஏழு வயதில் நான் உள்ளே கால் வைத்தேன். எல்லாம் கலங்கிப்போனது. விதைக்கூடையோடு நின்ற அம்மா கத்தினாள்: “ஏண்டி, செத்த நேரம் சும்மா இருக்க மாட்டியா?” மூவரும் வரப்பில் உட்கார்ந்தோம். பொழுது சாய்வதற்குள் தெளிந்தது, விதை பிழைத்தது.

குவளையைக் கீழே வைத்தேன். மூன்று நாள் தொட்டியைத் தொடாமல் இருந்தேன், அதுதான் பெரும்பாடு. நான்காம் நாள் காலையில் மகள் கூவினாள்: “அம்மா, ரெண்டும் இருக்கும்மா!”