கடைசி வரிசைவரை நடப்பவர்

பள்ளிப் பேருந்தை ஓட்டும்போது ராஸ்கோ டில்லரியின் வாயோரத்தில் ஐஸ் குச்சி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சாக்ஸபோனில் பொருத்தும் ரீட், மெல்லிய நாணல் சீவல். மாலையில் கச்சேரி என்றால் மத்தியானமே ஊறவைக்க ஆரம்பித்துவிடுவார். இவ்வளவு நேரம் ஊறினால் கெட்டுவிடும் என்று சொன்னால், குச்சியை மறு கன்னத்துக்குத் தள்ளுவார். "காஞ்ச உதட்டோட எவனாவது காதல் பேசுவானா?"

மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் அவர் பெயர் தெரியாதவர்களும் அவர் வாசிப்பைக் கேட்டிருப்பார்கள். ஸ்மூத் ஜாஸ் வானொலி இங்கே கொடிகட்டிப் பறந்தபோது அவருடைய ஒரு மெட்டு ஓயாமல் ஒலித்தது. வானிலை அறிக்கையின் பின்னணியிலும் அதுதான். வானொலி போய்விட்டது, மெட்டு பல் மருத்துவர்களின் காத்திருப்புக் கூடங்களில் ஒண்டிக்கொண்டது. அதைக் கேலி செய்தால் அவருக்குக் குஷி. "என் பாட்டுல மயங்கித்தான் பாதி ஊரு வாயத் தொறந்துச்சு."

யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் மற்றவர்கள் பெரிய சாக்ஸபோன்காரர்களை அடுக்குவார்கள். இவர் சொல்வது ஒரே பெயர்: வெர்லீன். எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடுகிற அவருடைய அக்கா. "அவ மூச்சு விடுற எடத்தையெல்லாம் திருடிட்டேன். ஊதறப்போ மனசுக்குள்ள பாட்டோட வார்த்தை ஓடணும். இல்லேன்னா அது வெறும் பஸ் ஹாரன்."

ஞாயிறு ஆராதனையை விட்டு ஹோட்டல்களின் காலை விருந்துகளில் வாசிக்கப் போன நாளிலிருந்து அந்த அக்கா அவர் கச்சேரிக்கு வந்ததே இல்லை. சாப்பிட மட்டும் கூப்பிடுவார். மெக்கரோனியும் கீரையும் அள்ளி வைத்தபடி, "ஆண்டவர் குடுத்த மூச்ச ஆம்லெட் திங்கறவனுக்கு ஊதறே. சாப்பிடு" என்பார். தம்பி சாப்பிடுவார். ஒவ்வொரு கோடையிலும் பூங்காக் கச்சேரிக்கு அக்காவை அழைப்பார். அக்கா இன்னொரு கரண்டி கீரை வைப்பார்.

வாசித்தபடியே மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடப்பது ஸ்மூத் ஜாஸ்காரர்களின் வழக்கம். கம்பியில்லாத மைக் கூடவே போகும். போன கோடையில் ராஸ்கோ கடைசி வரிசைவரை போய்விட்டார். அத்தனை தூரத்துக்கு டிரம்ஸின் அடி தாமதமாகத்தான் வந்து சேரும். காதை நம்பக்கூடாது, டிரம்மரின் குச்சியைக் கண்ணால் பார்த்து வாசிக்க வேண்டும். இவர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டு நொண்டியது. டிரம்மர் ஓடெல் இன்னும் கிண்டலை விடவில்லை.

"அண்ணே, இந்த வருஷம் இடுப்புல கயிறு கட்டி அனுப்பட்டுமா?"

"முதுகு காட்ட மாட்டேண்டா. சத்தியம்."

ராஸ்கோவின் குழுவில் என் கணவர் பேஸ் கித்தார் வாசித்தார். அவர் இல்லாத முதல் கோடை இது. போன ஞாயிறு மாலை பூங்காக் கச்சேரியில், மடக்கு நாற்காலியோடு கடைசி வரிசையில் ஒதுங்கினேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி விரிந்தது. தேவாலயத் தொப்பி. வெர்லீன்.

"அப்படிப் பாக்காதடி. காத்து வாங்க வந்தேன்."

மேடையிலிருந்து ராஸ்கோ அந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டார். தன் பழைய வானொலி மெட்டை எடுத்தார், இறங்கினார், ஐஸ் பெட்டிகளையும் பொரித்த மீன் தட்டுகளையும் தாண்டி நேரே எங்களை நோக்கி வந்தார். பல் மருத்துவரிடம் கேட்ட மெட்டுதான். ஆனால் அக்கா மூச்சு விடுகிற இடங்களில் நின்று நின்று வந்தது. வெர்லீனின் கை தொப்பி விளிம்பைப் பிடித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான்.

அக்காவின் முன்னால் வந்து நின்றார். அவரைப் பார்க்க வேண்டுமானால் மேடைக்கு முதுகு காட்டியாக வேண்டும். காட்டினார். கண்கள் மூடின. மெட்டு ஒரு பிடி பின்னால் வழுக்கியது. தூரத்தில் ஓடெல் தலையில் கை வைக்காத குறை.

"முட்டாப் பய," என்றார் வெர்லீன்.

மடியிலிருந்த அட்டை விசிறியை எடுத்தார். என் கணவரின் அடக்க ஆராதனையில் கொடுத்தது போன்றதுதான். அதன் விளிம்பால் தம்பியின் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். ராஸ்கோ கண் திறந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை; அவர் தோளுக்கு மேலே, தூரத்தில், ஓடெலின் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி இறங்க இறங்க, விசிறியும் தம்பியின் முழங்காலில் இறங்கியது.