ரெண்டு ஆள் வேலை

படுக்கை விரிப்பை நான்காக மடித்து, கணவரின் முதுகுக்கு அடியில் அங்குலம் அங்குலமாகச் செருகிக்கொண்டிருந்தாள் மேட்ரன். மேட்ரன் என்பது தெரு வைத்த பெயர். எந்த மருத்துவமனையும் அவளுக்கு அந்தப் பதவியைக் கொடுத்ததில்லை. வார்டு உதவியாளராகச் சேர்ந்து, பிறகு புதிதாக வரும் உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள், அவ்வளவுதான். அதிகாரம் மட்டும் சேர்ந்த அன்றைக்கே வந்துவிட்டது.

அவளிடம் வந்தவர்களுக்கு முதல் பாடம் ஒன்றே ஒன்று. படுத்திருப்பவரைப் புரட்டுவது இரண்டு ஆள் வேலை. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, மூன்று எண்ணி, சேர்ந்து இழுக்க வேண்டும். "தனியா தூக்கிக் காட்டுறேன்னு வர்றவளுக்குப் பக்கத்துக் கட்டில் காலியா வச்சிருக்கேன்" என்று மிரட்டியே காலத்தை ஓட்டினாள்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் தனியாகத்தான் நின்றாள்.

கணவருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து ஆறு மாதம் ஆகிறது. லாரி ஓட்டியவர், ஆளும் லாரி மாதிரி. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். வேறு ஊரில் இருக்கும் மகள் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "அம்மா, உனக்கு எழுபது ஆச்சு. நீயும் விழுந்தேன்னா அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்க்கிறதைத் தவிர வேற வழியில்ல, பாத்துக்கோ." மேட்ரன் சிரித்தாள். விழுவதாவது, அவளாவது.

ஆள் இல்லாமலும் இல்லை. மாடியில் நாத்தனார் இருந்தாள், கணவரின் தங்கை, தையல்காரி. பத்து நாள் வந்து மறுபக்கம் பிடித்தாள். விரிப்பில் சுருக்கம் விட்டாள். இரண்டு எண்ணும்போதே இழுத்தாள். நடுநடுவே யார் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை ஜாக்கெட் என்று கதை அளந்தாள். "நீ போய்த் தச்சுக்கிட்டு இரும்மா, நான் பாத்துக்குறேன்" என்று மேட்ரன் மாடிக்கே அனுப்பிவிட்டாள்.

அனுப்பிவிட்டு, காலைதோறும் கடவுளிடம் ஆள் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைக்கிற மாதிரிதான் அவள் பிரார்த்தனை இருக்கும். தூக்கம் சுமார், கால் வீக்கம் குறைவு, மலச்சிக்கல் தொடர்கிறது, உடனே ஓர் ஆள் தேவை. வருகிறவள் பயிற்சி பெற்றவளாக, வாய் குறைந்தவளாக, நகம் வெட்டியவளாக இருக்க வேண்டும். ஆறு மாதமாகப் பதில் இல்லை. மேலே நிர்வாகம் சரியில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

தனக்குத்தானே எண்ணிக்கொண்டு தன் பக்கமாக இழுத்தாள். அவர் புரண்டார். அதே நொடியில் அவள் இடுப்பில் சொடக்கென்று ஒரு சத்தம். கண் இருட்டியது. பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க உடம்பு மறுத்துவிட்டது. தொலைபேசி சமையலறையில் இருந்தது.

ஒருக்களித்துக் கிடந்த கணவரின் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"என்ன... ஆச்சு?" பக்கவாதம் வந்ததிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் அவர் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்.

"ஒண்ணுமில்லங்க. சும்மா உக்காந்திருக்கேன்."

"தரையிலயா?"

"காத்து நல்லா வருது."

"தங்கச்சியை... கூப்பிடவா?"

"வேண்டாம். நான் சமாளிச்சுக்குவேன்."

பத்து நிமிஷம் சமாளித்தாள். அதாவது, ஒரு சாண்கூட நகரவில்லை. அதற்குள் கட்டில் விளிம்பை நோக்கி அவர் மெல்லச் சரியத் தொடங்கியிருந்தார். புரட்டுவதற்காகப் பக்கக் கம்பியை இறக்கிவிட்டவள் அவள்தான். விழுந்தால் அவள் மேல்தான் விழுவார். இருவருக்கும் எலும்பு மிஞ்சாது. மகள் சொன்ன இல்லத்தில் இரண்டு கட்டில் போட வேண்டியிருக்கும்.

"கடவுளே" என்றாள். கால் வீக்கமும் நிபந்தனையும் ஒன்றும் வாயில் வரவில்லை. "என்னால முடியல" என்பதுதான் வந்தது. சொன்ன பிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பாள்.

கடவுளுக்குக் கேட்டதோ இல்லையோ, கணவருக்குக் கேட்டது. இடது கையை எட்டி, மேசையில் இருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து, தலைமாட்டுக் கம்பியில் ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். மாடியில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"ஐயோ அண்ணி!" கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றாள் நாத்தனார்.

"கத்தாதே. முதல்ல உங்க அண்ணனைப் பிடி. இடுப்புல கை வச்சு உள்ளே தள்ளு. கம்பியைத் தூக்கிவிடு."

தள்ளினாள், தூக்கினாள். பிறகு மெத்தை ஒன்றை இழுத்துப் போட்டு, அண்ணியைச் சாய்க்கப் பின்னால் மண்டியிட்டாள்.

"அக்குள்ல கை போடாதே. தோளுக்குப் பின்னாடி. அந்தக் கை இல்ல, இந்தக் கை. ஏம்மா, உனக்கு..."

"அண்ணி, கொஞ்சம் வாயை மூடுங்க. உடம்பை விறைச்சுக்கிட்டா கனம் ரெட்டிப்பாகும்."

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?"

"நீங்கதான். தினமும் அண்ணனைத் திட்டுவீங்களே, மாடி வரைக்கும் கேக்கும்."

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மேட்ரன் மூச்சை விட்டாள். கழுத்தைத் தளர்த்தினாள். முதுகின் பாரம் முழுவதையும், மெஷின் எண்ணெய் வாசம் வீசிய அந்த இரண்டு கைகளில் விட்டாள். ஆறு மாதத்தில் முதல் முறையாக அவள் பாரத்தை வேறு யாரோ சுமந்தார்கள். ஆறு மாதமாகப் பதில் மாடியில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தது. வந்த ஆளைத் தானே திருப்பி அனுப்பிவிட்டு நிர்வாகத்தைக் குறை சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. கண்ணில் நீர் வந்தது. வலியினால் என்று எடுத்துக்கொண்டாள். நாத்தனாரின் நகம் தோளில் குத்தியது. சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, மெத்தையில் படுத்தபடியே மகளைக் கூப்பிட்டாள்.

"விழுந்துட்டேன். இடுப்பு பிடிச்சிருக்கு, டாக்டர் வந்து பாத்துட்டார், பத்து நாள் படுக்கை. உங்கப்பா எங்கேயும் போகலை. அத்தை பாத்துக்குறா. மறுபக்கம் பிடிக்கத் தினமும் ஓர் ஆளுக்குச் சொல்லியிருக்கு."

"அத்தையையா விட்டே? நீயா?"

"நான்தான். கடவுள் அனுப்பின ஆளை எத்தனை தடவைதான் திருப்பி அனுப்புறது?"

"சரிம்மா" என்றாள் மகள்.

எட்டு மணிக்கு நாத்தனாரும் வந்த ஆளுமாக அவரைப் புரட்டினார்கள். மேட்ரன் கீழே படுத்துக்கொண்டு மூன்றே மூன்று குறை சொன்னாள். முடிந்ததும் நாத்தனார் வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேட்ரன் கண்ணை மூடி, முகத்தைக் காட்டினாள்.