உறைபெட்டியில் மீதிச் சதை

சதையை அளப்பதற்கு முதலில் அதை உடைக்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலை அதுதான். புரொஸ்டேட் புற்றுநோய்க்காரர்களிடமிருந்து அறுத்தெடுத்த துண்டைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் கல்லாகிவிடும். எஃகு உரலில் போட்டு, குழவியை அதன்மேல் நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி அடிப்பேன். தயங்கினால் சதை இளகிப் புரதம் சிதைந்துவிடும். எலும்பு முறிவதுபோல ஒரு சத்தம், பிறகு வெளிறிய சிவப்பில் தூள். அதைக் கரைத்து எந்தப் புரதம் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்ப்போம். எந்தப் புற்று சும்மா கிடக்கும், எது பாய்ந்து ஆளைக் கொல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வெறி.

ஆராய்ச்சி யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருடைய பட்டத்துக்கானது. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பஸ் ஏறி வரும் உதவியாளன்.

"நீர் அடிக்கிற அடியில சுவரும் வெடிக்கப் போகுது" என்பார் அக்கா.

அன்று காலை ஆய்வுக்கூடத்துக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஒருவன் உள்ளே வந்தான். வெறுங்கால், நெற்றி நிறையத் திருநீறு. பன்வில பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வருவதாகச் சொன்னான். எங்களுக்குச் சதை தந்தவர்களில் ஒருவர் அவனுடைய அப்பா. ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு போன பெரியவர், முந்தின நாள் மாரடைப்பில் இறந்துவிட்டாராம்.

"அப்பாவோட சதைய குடுங்க. பெட்டிய மூடாம வச்சிருக்கோம். எங்கப்பா குறையோட மண்ணுக்குள்ள போகக்கூடாது."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கோ எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது.

"பாதிய அளந்துட்டோம் அண்ணே. அருமையான துண்டு. சுத்தியலால ஒரே அடி, மாவாயிருச்சு."

"அடிச்சியா?"

"ஆமாண்ணே, உறைய வச்சுத்தான்..."

"எங்கப்பாவ சுத்தியலால அடிச்சியாடா? எங்க மேல ஒருநாள் கை ஓங்காத மனுசன்டா அவரு."

குத்து மூக்கில் இறங்கியது. கண்ணாடிக் குழாய்கள் நின்ற தட்டோடு நான் சரிந்தேன். உள்ளங்கையில் சில்லு ஏறியது. எழுவதற்குள் விலாவில் ஓர் உதை. அவன் என் சுத்தியலை எடுத்து மேசையில் இருந்ததையெல்லாம் நொறுக்கினான். பிறகு சதைத் துண்டுகள் இருந்த உறைபெட்டிப் பக்கம் திரும்பினான். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையால் என் முகத்தில் இடித்தான். பல் உதட்டைக் கிழித்தது. பிடியை விடவில்லை.

அக்கா உறைபெட்டியின் முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, இதுக்குள்ள வேற பிள்ளையளின்ர அப்பாமாரும் இருக்கினம்."

ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. அக்கா பெட்டியைத் திறந்து பெரியவருடைய மீதிப் பாதி இருந்த சிறு குழாயைத் தேடி எடுத்தார்.

"அக்கா, அதக் குடுத்துட்டா திருப்பி அளக்க ஒண்ணுமில்ல. அவரு ஆராய்ச்சிக் கணக்குலயே வரமாட்டாரு" என்றேன்.

"ஓம், தெரியும். நீர் மூக்கைத் துடையும்."

"உருகாம நீயே தூக்கிட்டு வா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் திரீவீலரில் தள்ளினான் அவன். குழாயை வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ரத்தம் அதன் மூடியில் சொட்டியது.

பாதி வழியில் கேட்டான். "வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்."

லயத்து முற்றத்தில் பெண்கள் மார்பில் அறைந்து அழுதுகொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் ஒருத்தி ஒப்பாரியை நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்கினாள். நகம் அளவுதான் இருந்தது சதை. மகன் அதை வெற்றிலையில் ஏந்தி, சவப்பெட்டியருகே மண்டியிட்டு, பெரியவருடைய வேட்டியை விலக்கினான்.

"எங்கடா இருந்துச்சு இது?"

"மூத்திரப் பைக்குக் கீழ."

அடிவயிற்றில் வைத்தான். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழண்ணே" என்றேன்.