சென்டிமீட்டருக்கு எதிராக ஒரு மணி நேரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வியாழக்கிழமை நான் ஒரு மணி நேரம் முழு முட்டாளாக இருந்தேன். மற்ற நாட்களில் இவ்வளவு நேரம் ஆகாது!

திருப்பூரில் நண்பர் பழனிசாமியின் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். மனிதர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கல்கத்தா ஆர்டர் வந்திருக்குதுங்க. ஆனா அளவெல்லாம் சென்டிமீட்டர்ல வேணுமாமா."

"குடுத்துட்டுப் போங்களேன்."

"நம்ம மாஸ்டருக்கு இஞ்சைத் தவிர ஒண்ணுந் தெரியாதுங்களே? கோயமுத்தூர்ல ஒருத்தரு இருக்காரு. திங்கக்கெழம வரச் சொல்லலாம்னு கார்டு எழுதி வெச்சிருக்கேன். அப்புறம் இவர..."

முடிக்காமல் கண்ணைக் காட்டினார். நாலடி தள்ளி, கட்டிங் மாஸ்டர் ஆறுமுகம் குனிந்த தலை நிமிராமல் துணி வெட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அதே மேஜை.

எனக்குப் பொங்கிவிட்டது. மாஸ்டரின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் — ஒரே வழி, சென்டிமீட்டரை ஒழித்துக்கட்டுவது!

"சர்க்கார் அளவை மாத்தினா நம்ம மார்பு மாறிடுமா? என் மார்பு முப்பத்தாறு. புதுக் கணக்கில் தொண்ணூறாம்! தொண்ணூறு உள்ளவன் குஸ்தி போட வேண்டாமா? எனக்கு கோலி சோடா உடைக்கவே ஆள் வேணும்!"

பழனிசாமி சிரித்தார். ஆனால் மசியவில்லை.

"கிண்டல் பண்ணாதீங்க. அதுல அரை, கால், அரைக்கால்னு தொல்லையில்ல. எல்லாம் பத்துப் பத்தாப் போகுது. ஊரே மாறுதுங்க. நாம பழசுலயே குந்திக்கிட்டிருந்தா ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிரும்."

நியாயந்தான். நியாயத்துக்குப் பதில் இல்லாவிட்டால் குரலை உயர்த்துவது என் வழக்கம்.

"புதுசு எதுவானாலும் ஆறு மாசம் அடுத்தவன் பட்டுப் பார்க்கட்டும். நம்ம மாஸ்டர் கைக்கு ஈடு உண்டா? ஒரு நூல் பிசகுமா? வேணும்னா அளந்து பாருங்க!"

சும்மா இருந்திருக்கலாம்.

பழனிசாமி எழுந்துபோய், வெட்டி அடுக்கியிருந்த துணியில் ஒன்றை எடுத்து டேப் வைத்தார். நீளம் இருபத்தெட்டு அங்குலம் இருக்க வேண்டும். இருபத்தேழரை! இன்னொன்றை எடுத்தார். அதுவும் இருபத்தேழரை.

மாஸ்டரின் பிழைப்புக்கு நானே அல்லவா உலை வைத்துவிட்டேன்?

"ஏனுங்க மாஸ்டர், எல்லாத்துலயும் அரை இஞ்சு கொறையுதுங்களே?"

ஆறுமுகம் கத்தரியைக் கீழே வைத்தார். டேப்பை வாங்கினார். மறுபக்கமாகத் திருப்பித் துணியின் மேல் வைத்தார். எழுபது சென்டிமீட்டர். அடுத்ததும் எழுபது. அதற்கடுத்ததும்...

"இது கல்கத்தா உருப்படிங்க. கடுதாசி வந்தன்னைக்கே அளவு அட்டையெல்லாம் சென்டிமீட்டர்ல புதுசா வெட்டிட்டேனுங்க."

அந்த டேப் எத்தனை காலமாக எங்கள் கண்ணெதிரில் தொங்குகிறது! திருப்பிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதா? புதிது தேவையா, தேவையில்லையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் போலிருக்கிறது. தொட்டுப் பார்த்தவர் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிடுகிறார்.

பழனிசாமி கோயமுத்தூர் கார்டைக் கிழித்துப் போட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஏன் மாஸ்டர், உங்களுக்காக ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கத்தரியை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னார்:

"வெட்டறப்பப் பேசமாட்டேனுங்க."