மனைவிக்கு நான் நிறுத்திய சோறு

எழுபத்து மூன்று வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. டில்லி மோதி பாக்கில் மகனின் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மனைவி சரோஜா சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவள். தொடைத் தசை மெலிந்து நடை தள்ளாடியதால், டாக்டர் எடைப் பயிற்சி செய்யச் சொன்னார்.

மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற நான், தசைக்குப் புரதம் போதும் என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்தேன். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்தினேன். பனீரும் முட்டை வெள்ளையும் மட்டும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில், "ரெண்டு இட்லியாவது குடுங்களேன், கை நடுங்குது" என்றாள்.

"தசை வேணுமா, இட்லி வேணுமா?"

"சரி, ஆபீசர் ஆர்டர் போட்டா அப்பீல் ஏது?" என்று மாத்திரையை விழுங்கிவிட்டு என்னுடன் ஜிம்முக்கு வந்தாள்.

டம்பெல்லுடன் ஐந்தாவது முறை நாற்காலியிலிருந்து எழுந்தபோது அவள் முகம் வெளுத்து, வியர்வை கொட்டியது. என்னை உற்றுப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். டம்பெல் கீழே விழுந்தது.

பயிற்சியாளர் பாய்ந்து வந்து தாங்கினார். "அங்கிள்ஜி, ஆன்ட்டி என்ன சாப்பிட்டாங்க? ஜல்தி சொல்லுங்க!" என்று இந்தியில் கத்தினார். "பனீர், முட்டை வெள்ளை, அப்புறம் சர்க்கரை மாத்திரை" என்றேன். அவரே சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் புகட்டினார். கால் மணி நேரம் கழித்துத்தான், "ஏங்க அழறீங்க?" என்று என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

தசைக்கு எரிபொருளே மாவுச்சத்துதான், அது போதாவிட்டால் உடல் புரதத்தையும் எரித்துவிடும் என்றார் டாக்டர். மாத்திரையும் சேர்ந்ததில் சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தது.

இப்போது அவள் சாப்பாட்டை அவளும் டாக்டரும் பேசி முடிவு செய்கிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.