ஊர் எல்லையில் வாங்கிய கையெழுத்து

இராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த வழக்குக் கட்டை எத்தனை தரம் சரிபார்த்தாலும் மனம் ஆறாது. அந்தப் பங்குனி மாதத்து மிளகாய் வழக்கில் ரொம்பவே ஆறவில்லை.

கட்சிக்காரர் சாயல்குடிப் பக்கத்தில் மிளகாய் பயிரிடும் சம்சாரி. தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் அவருடைய மிளகாய் மூட்டைகளை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை. பிராது போட்டோம். வியாபாரியோ, மிளகாய் ஈரமாக இருந்து பூசணம் பூத்துப்போனதால் தனக்குத்தான் நஷ்டம் என்று எதிர்க்கோரிக்கை வைத்தார். அதற்கு எங்கள் மறுப்பைத் தாக்கல் செய்ய வெள்ளிக்கிழமை கடைசி. தவறினால் அவர் சொன்னதே நிலைத்துவிடும். சம்சாரி வரவேண்டியதையும் இழந்து, மேற்கொண்டு கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போட வரச்சொல்லிக் கார்டு போட்டும் ஆள் வரவில்லை. வியாழக்கிழமை நானே பஸ் ஏறினேன்.

ஊரில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். சம்சாரி கையிலும் மஞ்சள் காப்பு. கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியூர்க்காரனும் விளக்கு வைக்கும்போது ஊருக்குள் இருந்துவிட்டால், முடிந்த பிறகுதான் கிளம்பலாம்.

“கார்டு வந்துச்சு குமாஸ்தாய்யா. பிராது போட்டது நாம. பதில் சொல்ல வேண்டியது அவன்தான? நான் எதுக்குச் சொல்லணும்?” என்றார்.

“அவர் உங்க மேலயே திருப்பிப் போட்டிருக்கார்ணே. நீங்க பேசாம இருந்தா, கோர்ட் ஒத்துக்கிட்டதா எடுத்துக்கும்.”

மறுப்பைப் படித்துக் காட்டினேன். ‘ஈரம்’ என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டார்.

“எம் மிளகாயிலயா ஈரம்? ஏலே, எல்லாரும் இங்கன வாங்கடா! இவுக படிக்கிறதக் கேளுங்க!”

வந்தவர்கள் ஆளுக்கொரு வரி சேர்க்கச் சொன்னார்கள். “தோணியில கடல்தண்ணி பட்டிருக்கும்னு எழுதுங்கய்யா” என்றார் அவர் மைத்துனர். அது ஏற்கெனவே எழுதியிருந்தது. அதை மூன்று தரம் படித்துக் காட்டித்தான் சம்சாரியிடம் கையெழுத்து வாங்க முடிந்தது. அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.

திரியும் எண்ணெயுமாக வந்த ஒரு பெண் கேட்டாள்: “விளக்கு வைக்கப் போறோம். குமாஸ்தாய்யா இருந்து கும்மி கொட்டிட்டுத்தான் போறீகளா?”

காகிதங்களை அள்ளிக்கொண்டு எல்லைக்கல்லை நோக்கி ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தாண்டிய பிறகு நின்று கையெழுத்துகளை எண்ணினேன். நான்கு இடத்தில் வேண்டும், மூன்றுதான் இருந்தது. சொன்னதெல்லாம் உண்மை என்று ஒப்பும் கடைசி இடம் வெறுமையாக இருந்தது. உள்ளே விளக்கு ஏற்றியாகிவிட்டது.

நான் போட்ட கூச்சலில் சம்சாரி ஓடி வந்து கல்லருகே நின்றார். பின்னால் பாதி ஊர்.

“கைய மட்டும் வெளிய நீட்டிப் போட்டுரவா?”

“காப்பே கையிலதான் மாமா கட்டியிருக்கு!” என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் நான்தான் கையை உள்ளே நீட்டிக் காகிதத்தைக் கொடுத்தேன். மைத்துனர் குனிந்து முதுகைக் காட்ட, சம்சாரி அதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“கை உள்ள வந்துருச்சு! கைய விட்டுட்டுப் போங்க!” என்றாள் அந்தப் பெண்.

“காலு வெளியதான நிக்கிது, விடு ஆத்தா” என்று அவர் எனக்காக வாதாடினார். கல்லுக்கு மேலாகவே கொழுக்கட்டையும் பானகமும் வந்தன. தின்றுவிட்டு அடுத்த ஊருக்கு நடந்து, டீக்கடைப் பெஞ்சில் படுத்து, முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

கோர்ட் கூடுவதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டேன். வழக்கைக் கூப்பிட்டதும், மறுப்பு வரவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். முன்சீப் எங்கள் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அந்த வக்கீல் நகலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சம்சாரி ஊரைவிட்டு வர முடியாது. சாயல்குடி பஸ் கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்த கண்டக்டர் சொன்னார்: “கல்லுக்கிட்டயே காத்திருந்தாருய்யா. கோர்ட்ல வாங்கிக்கிட்டாகன்னு பஸ்ஸுல இருந்தே கத்துனேன். அங்கனயே கொட்டு அடிக்கச் சொல்லிட்டாரு.”